எட்டு மீட்டர் நாடா

அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டாரத் தொலைக்காட்சியில் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தது. மூன்று மாதமாக எங்கள் பகுதிக் குழாயில் தண்ணீருக்குப் பதில் துருதான் வந்துகொண்டிருந்தது. கவுன்சிலரை உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்கப்போகிறோம் என்று ஒரு வாரமாக அறிவிப்பு போட்டார்கள். புதன்கிழமை பேக்கரிக்காரரின் மண்டை உடைந்தது. அதோடு குழாய்ப் பேச்சு போயிற்று, கவுன்சிலர் பிழைத்துக்கொண்டார்.

அடித்தவன் அவர் மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த மகன். பதினெட்டு முடிந்தவன். நெட்டை என்று கூப்பிடுவோம். சுத்தியலால் இரண்டு அடி. பேக்கரிக்காரர் சாகவில்லை, ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தார். போலீஸ் வீட்டைச் சோதித்தபோது டி.வி. மேல் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அதன் முதுகில் எங்கள் தெரு வீடியோ லைப்ரரியின் சீட்டு, நம்பர் 117. அந்தப் படத்தில் ஒருவன் சுத்தியலால் ஆளைக் கொல்லும் காட்சி உண்டு என்று எவனோ சொல்லிவிட்டான். அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலச் செய்திக்குள் விவாதத்தின் தலைப்பு மாறிவிட்டது. ‘வீடுகளுக்குள் வன்முறை வீடியோக்கள்: தடை தேவையா?’

நான் டி.வி., ரேடியோ ரிப்பேர் செய்பவன். என் கடையின் இடது சுவர் லைப்ரரிக்குப் பொது, வலது சுவர் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் பொது. ஒரு செங்கல் கனம்தான். இடது பக்கம் கேசட் சுற்றும் சத்தம் வரும். வலது பக்கம் வேறு சத்தங்கள் வரும். அப்படி வந்தால், பெஞ்சில் எந்த டி.வி. திறந்து கிடக்கிறதோ அதன் சவுண்டைக் கூட்டிவிடுவேன். வேலை ஓட வேண்டாமா? வேலை முடிந்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதுவேன். யாருடையது, என்றைக்கு, என்ன கோளாறு, சரிபார்த்தது என்ன. அதைச் சுவரில் நிற்கும் கம்பியில் குத்தி வைப்பேன். பதினோரு வருடத்துச் சீட்டு அந்தக் கம்பிகளில் இருக்கிறது.

லைப்ரரியை நடத்தியது ஒரு புருஷன் பெண்டாட்டி. புருஷனுக்குத் தெருவில் ரீவைண்டு என்று பெயர். நாடாவைச் சுற்றாமல் திருப்பிக் கொடுப்பவர்களோடு மல்லுக்கு நிற்பார் என்பது ஒரு காரணம். எதையும் இரண்டு தடவை சொல்வார் என்பது இன்னொன்று. “மழை வருது. மழை வருதுங்கறேன்” என்பார். அவருக்கு எதிராளி காது கேளாதவன் என்றே நினைப்பு. மனைவியை எல்லாரும் லைப்ரரி அக்கா என்றார்கள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன்.

கடை ஓடியது அவளால்தான். மழைக்காலத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும் என்று அலமாரியின் அடித்தட்டில் நாற்பது வாட் பல்பை எரியவிட்டு வைத்திருப்பாள். திரும்பி வரும் ஒவ்வொரு கேசட்டையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். அவள் இன்னொரு வேலையும் செய்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அதற்கான ஒட்டு நாடாவை வாங்கிக் கொடுத்தவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தபால்காரரின் மனைவி ஒரு சனிக்கிழமை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று ரீவைண்டு கொடுத்த படத்தில் ஒருத்தியின் விரல்களை வெட்டுகிறார்களாம். அவளுடைய ஐந்து வயது மகள் அதற்குப் பிறகு கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம். அன்றைக்கே அக்கா என்னிடம் வந்து கேசட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். அடியில் ஐந்து திருகு. கழற்றினால் இரண்டு சக்கரம். படத்தை ஓடவிட்டு, அந்தக் காட்சி வந்ததும் நிறுத்தி, நாடாவை மெதுவாக வெளியே இழுத்து, ஸ்பிரிட்டில் துடைத்த சின்னக் கத்தரியால் வெட்டுவாள். காட்சி முடிகிற இடத்தில் இன்னொரு வெட்டு. இரண்டு முனையையும் உள்பக்கமாகச் சேர்த்து ஒட்டுவாள். ஒட்டு வெளிப்பக்கம் வந்தால், நாடாவைப் படிக்கும் வீடியோ மிஷினின் தலை கெட்டுவிடும். ஒரு நிமிடப் படத்துக்கு இரண்டு மீட்டர் நாடா என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவள் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எதையும் மீட்டரில்தான் சொல்வாள்.

“நேத்து வந்த படத்துல மூணரை மீட்டர் அசிங்கம்ணே” என்பாள்.

வெட்டியதைத் தூக்கி எறிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கேசட்டுகள் அவர்களுடையவை அல்ல. மொத்த வியாபாரக் கடையிலிருந்து மூன்று மாத வாடகைக்கு வருபவை, திருப்பி அனுப்பவேண்டும். அடுத்தவர் பொருளைக் குறையோடு கொடுப்பதாவது? அதனால் ஒவ்வொரு துண்டையும் ஒரு காலி நூல்கட்டையில் சுற்றி, கேசட் நம்பர் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். திருப்பி அனுப்பும் முந்தின நாள் திரும்பத் திறந்து, துண்டை அதனதன் இடத்தில் ஒட்டி அனுப்புவாள். இவ்வளவு நாணயமாக ஒரு தப்பைச் செய்ய அவளால்தான் முடியும்.

ரீவைண்டுக்கு இது தெரியாது. படம் குதிக்கிறது என்று யாராவது சொன்னால், என்னைக் கைகாட்டி, “அவரு தலைய ஒழுங்கா தொடைக்கல. தொடைக்கலங்கறேன்” என்பார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தொலைக்காட்சிக்காரர்கள் வேனில் வந்தார்கள். அலமாரியைப் படம்பிடித்தார்கள். கார்ட்டூன் இருந்த இரண்டு தட்டையும் விட்டுவிட்டு, கத்தியும் துப்பாக்கியும் அட்டையில் இருந்தவற்றை ஒன்றாக அடுக்கச் சொல்லிப் படம்பிடித்தார்கள். ரீவைண்டு விவரம் தெரியாமல் அவரே அடுக்கிக் கொடுத்தார். என்னிடமும் மைக்கை நீட்டினார்கள். “நல்ல குடும்பம், எட்டு வருஷப் பழக்கம், இவங்களால யாருக்கும் கெடுதல் கெடையாது. ஆனா ஊர்ல மோசமான படம் வருது, அது உண்மைதான்” என்றேன். சாயங்காலம் டி.வி.யில் என் முகம் வந்தது. “ஊர்ல மோசமான படம் வருது, அது உண்மைதான்” என்று மட்டும் சொன்னேன்.

அதோடு அந்தச் சுத்தியல் காட்சியை வேறு எங்கிருந்தோ வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை விவாதத்துக்கு விளம்பரமாகப் போட்டார்கள். அன்று சாயங்காலம் மட்டும் ஆறு தடவை. குழந்தைகள் சாப்பிடுகிற நேரம். அக்கா நான்கு வருடமாக இந்தத் தெருவின் எந்தப் பிள்ளையின் கண்ணிலும் படாமல் டின்னில் பூட்டி வைத்திருந்த மாதிரிக் காட்சியை, தடை கேட்கிறவர்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 

அன்றைக்குத்தான் அவள் டின்னைப் புருஷன் முன்னால் வைத்தாள். அவர் நூல்கட்டைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதான் நெலம” என்றாள்.

அவருக்குக் கோபம் வர இரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் 117 என்று எழுதிய நூல்கட்டை கண்ணில் பட்டுவிட்டது.

“சுத்தியலு இதுல இருக்கா?”

“ஒன்னேகால் மீட்டர். மொதல் நாளே வெட்டிட்டேன். நெட்டை எடுத்துட்டுப் போன கேசட்டுல கதவத் தட்டுவான், அடுத்தது ஆம்புலன்சு வரும். நடுவுல ஒன்னும் கெடையாது.”

“அப்ப நாம பொழச்சோம். பொழச்சோங்கறேன். இத ஞாயித்துக்கெழம அங்கயே தெறந்து காட்டு. வியாழக்கெழம நகராட்சில லைசென்ஸப் பத்திப் பேசறாங்க. அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும், பையன் அந்தக் காட்சியப் பாக்கவே இல்லன்னு.”

அவள் நூல்கட்டைகளை ஒவ்வொன்றாக டின்னில் திரும்ப அடுக்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் நெட்டையின் அம்மா லைப்ரரிக்கு வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் இஸ்திரிக் கடையில் வேலை செய்பவள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு, மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது. நான் அங்கே மிஷினின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

“அக்கா, நாளைக்கு டி.வி.ல பேசப்போறீங்களாமே.”

“கூப்புட்டிருக்காங்க.”

“உங்க வீட்டுக்காரரு எங்க இஸ்திரிக் கடைக்கு வந்து ஏதோ டின்னுன்னாரு. அந்தக் காட்சிய நீங்க வெட்டிட்டீங்களாம். நெசமா?”

“நெசந்தான்.”

அவள் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டாள். “அத மட்டும் சொல்லிடாதீங்க. காலப் புடிச்சிக் கேக்கறேன். வக்கீலு சொல்றாரு, படத்தப் பாத்துக் கெட்டுப்போயிட்டான், சின்னப் பையன், புத்தி தடுமாறிடுச்சுன்னு சொன்னா தண்டன கொறையுமாம்.”

“ஏம்மா, அந்த ஆளு உங்க ரெண்டு பேரயும் அடிச்சத வக்கீலுகிட்டச் சொல்லலியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“வீட்டுக்குள்ள நடந்ததுக்குச் சாட்சி யாருன்னாரு. ஒருத்தருமில்லன்னேன். படத்துக்கு ஊரே சாட்சி இருக்கு, அதையே புடிச்சிக்குவோம்னாரு.” முந்தானையால் மழை ஈரத்தைத் துடைத்தாள். “எட்டு வருஷமாச்சிக்கா. ஒருநாள் ஒருத்தர் கதவத் தட்டல. நான் யாரையும் கொற சொல்லல. அவரு ரொட்டி நல்லாயிருக்கும், எல்லாரும் வாங்கணும்ல.”

நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

“அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?” என்று அக்கா கேட்டாள்.

“அடுப்புக் கம்பியத் தூக்கிட்டு வந்தாரு. பையன் அலமாரிக்கு ஆணி அடிச்சிக்கிட்டிருந்தான். கையில சுத்தியலு இருந்துச்சு. அவ்வளவுதான்க்கா. அரிவாள்மன இருந்திருந்தா அரிவாள்மன.”

அவள் போன பிறகு ரீவைண்டு உள்ளேயிருந்து வந்தார். “அவளுக்குப் புள்ள. நமக்குக் கடை. நமக்குக் கடைங்கறேன்.”

“ரெண்டு தடவ சொல்லாதீங்க, இன்னைக்கு ஒரு தடவையே தாங்கல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நகராட்சி மண்டபத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு. தங்கச்சி முகத்தை நாலு பேர் பார்க்கும் நாள் என்று நான் ஒரு காலிக் கேசட்டைப் போட்டுப் பதிவு செய்யத் தொடங்கினேன். கடை வாசலில் தெருவே நின்றது. நெட்டையின் அம்மா ஓரமாக, குடையை மடக்காமல் நின்றாள்.

கவுன்சிலர் வெள்ளைச் சட்டையில் மினுங்கினார். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு போன படத்தை முதலில் காட்டினார்கள். உழைத்துச் சாப்பிடும் ஒரு அப்பாவி என்று பேக்கரிக்காரரைச் சொன்னார். நம் வீட்டு வரவேற்பறைக்குள் கொலைகாரன் நுழைந்துவிட்டான் என்றார். கைதட்டினார்கள். ஒருவன் குழாயைப் பற்றிக் கேட்க எழுந்தான், உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

தொகுப்பாளர் அக்காவிடம் திரும்பினார். அவள் மடியில் டின். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த ரீவைண்டு டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். தொகுப்பாளர் மூடியைத் திறந்தார். நூல்கட்டைகளை ஒவ்வொன்றாகக் காமிராவுக்குக் காட்டினார்.

“மோசமான காட்சிகள மட்டும் தனியா வெட்டி, நம்பர் போட்டுச் சேத்து வச்சிருக்கீங்க. எதுக்கும்மா இது?”

“யாரும் பாக்கக்கூடாதுன்னு வெட்டினதுங்க. திருப்பி அனுப்பும்போது மறுபடியும்…”

“இதத் தனியா விக்கிறாங்க போல” என்றார் கவுன்சிலர். “ருசி கண்டவங்களுக்கு, சாறு புழிஞ்சு.” மண்டபம் சிரித்தது. இந்த ஆளுக்குத்தான் நான் இரண்டு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன்.

ரீவைண்டு எழுந்து, “நூத்திப்பதினேழு! நூத்திப்பதினேழப் பாருங்க!” என்றார். மைக் அவரிடம் இல்லை. தொகுப்பாளர் அந்தக் கட்டையைத் தேடி எடுத்தார்.

“இதுதான் அந்தச் சுத்தியல் காட்சியா?”

 என் கடை வாசலில் நெட்டையின் அம்மா குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஆமாங்க” என்றாள் அக்கா. “அது என் டின்ன விட்டு வெளிய போகல. அந்தப் பையன் அதப் பாக்கல.”

என் வாசலில் ஒரு முனகல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவன் பாத்தது வேற. அத நான் சொல்றேன், கொஞ்சம் குறுக்க பேசாம இருங்க. அவன் எட்டு வருஷமாப் பாத்தது அவங்கம்மா அடி வாங்கறத. ரொட்டி தட்டுற பலகையால, பெல்ட்டால, கையில கெடைக்கறதால. உங்க அப்பாவி அடிச்சதுதான். அன்னைக்கும் அடுப்புக் கம்பியோட வந்தாரு. தடுக்கறதுக்கு அவன் கையில இருந்தது சுத்தியலு. இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். என் கடைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல ஒரு கடை இருக்கு, அதையும் தாண்டி எனக்குக் கேட்டிருக்கு. கேட்டா என்ன செய்வேன்? கேசட்ட ஓடவிட்டு வால்யூமக் கூட்டுவேன். நான் உக்காந்து படத்துல வர்ற பொய் ரத்தத்தயெல்லாம் மீட்டர் போட்டு வெட்டினேன். நெச ரத்தத்துக்குச் சத்தத்தக் கூட்டினேன். என் லைசென்ஸ எடுக்கறதுன்னா அதுக்காக எடுங்க.”

கவுன்சிலர் ஏதோ சொன்னார், தனிப்பட்ட குடும்ப விஷயம் என்று. அவள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுபோனவர் அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே பார்த்தாரா என்று கேட்டாள்.  பிறகு விளம்பரம் போட்டார்கள், சோப்பு.

வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம். நெட்டையின் அம்மா மட்டும் நின்றாள். “சொல்லிட்டாங்க” என்றாள் என்னிடம். “இனி என் புள்ளைக்கு என்ன இருக்கு?” குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்துபோனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுஒளிபரப்பு. அக்கா என் கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். டின் வந்தது. “எதுக்கும்மா இது?” வந்தது. கவுன்சிலரின் சாறு வந்தது, சிரிப்பு வந்தது. “இதுதான் அந்தச் சுத்தியல் காட்சியா?” “ஆமாங்க.” உடனே சோப்பு. அவள் பேசியதில் அந்த ஒரு சொல்தான் மிச்சம்.

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவள் திட்டவில்லை. “நீங்க பதிவு பண்ணினதப் போடுங்கண்ணே” என்றாள். போட்டேன். “ஆமாங்க” என்ற இடத்திலிருந்து சோப்பு வரும்வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நாலு நிமிஷம். எட்டு மீட்டர்” என்றாள். “நல்லாத்தான் வெட்டியிருக்காங்க. குதிக்கவே இல்ல.”

வியாழக்கிழமை நகராட்சியில் லைசென்ஸை ரத்து செய்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. காரணமாக டின்னைத்தான் எழுதியிருந்தார்கள். ரீவைண்டு அலமாரியின் அடியில் எரிந்த பல்பை அணைத்துவிட்டு, கேசட்டுகளை மொத்தக் கடைக்கு அனுப்ப அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். எதையும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து, போலீஸிடம் இருந்த 117 தவிர மற்ற ஒவ்வொரு துண்டையும் அதனதன் கேசட்டில் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் பொருள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் என் கடைக்கு வந்தாள். நான் பெஞ்சில் ஒரு ரேடியோவைத் திறந்து வைத்திருந்தேன்.

“வக்கீலப் பாத்துட்டு வரேன். நேரடி ஒளிபரப்ப அவரும் பாத்திருக்காரு. படத்தச் சொல்லித் தப்பிக்கற வழிய நான் அடச்சிட்டேன்னு கோவம். நீங்க பதிவு பண்ணின கேசட்டக் குடுத்தேன்.”

“என்ன சொல்றாரு?”

“கேசட்டு சாட்சி சொல்லாதாம். நான் சொல்லலாமாம். ஆனா லைசென்ஸ் போன ஆத்திரத்துல பேசறேன்னு சொல்லிடுவாங்களாம். அதுவுமில்லாம நடுவுல ஒரு கடை இருக்கே, உனக்கு எப்படித் தெளிவாக் கேக்கும்னு கேப்பாங்களாம். சுவரு ஒட்டின ஆளு வேணுமாம். நாளு தேதியோட.”

நான் ரேடியோவின் திருகைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

“நான் உங்களக் கட்டாயப்படுத்தல. அவரு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து பக்கத்து வீட்டுலதான் இருக்கப்போறாரு. நீங்களும் இங்கதான் இருக்கணும். எனக்காவது கடை போயிடுச்சு, பயமில்ல.” கதவு வரை போய்த் திரும்பினாள். “அது உங்க சுவருண்ணே.”

எட்டு வருடத்துத் தேதி யாருக்கு நினைவிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். எனக்கு நினைவிருந்தது. எந்தச் சத்தத்துக்கு யாருடைய பெட்டியைக் கூட்டினேன் என்று ஒவ்வொன்றாக நினைவிருந்தது. தபால்காரரின் கறுப்பு வெள்ளை டி.வி. ஓடியபோது பாத்திரங்கள் விழுந்தன. பள்ளிக்கூடத்துப் பெரிய பெட்டி பெஞ்சில் இருந்தபோதுதான் அந்தப் பையன் முதல்முறையாகக் கத்தினான். அப்போது குரல்கூட உடையாத வயது.

கடையின் ஒரு கதவைச் சாத்தினேன். கம்பியிலிருந்து சீட்டுகளைக் கத்தையாக உருவிப் பெஞ்சில் போட்டு, அந்தத் தேதிகளைத் தேட ஆரம்பித்தேன். மருந்துக்கடைக்காரரின் டி.வி. சீட்டு முதலில் கிடைத்தது. மார்ச் ஒன்பதாம் தேதி. ‘புள்ளய விட்டுடுங்க, என்ன அடிங்க’ என்று நெட்டையின் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் அழுத நாள். கீழே என் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது: ‘சவுண்டை முழுதாக வைத்துப் பார்த்தது. குறை எதுவும் இல்லை.’